நீதானே பெரியவள், விட்டுக்கொடு

நேற்று மாலை எங்கள் வீட்டில் ஒரு சிவப்பு வண்ணப் பென்சிலுக்காகச் சண்டை நடந்தது. மகளுக்கு ஆறு வயது. மகனுக்கு அடுத்த மாதம் மூன்று முடிகிறது. பென்சில் மகன் கையில் இருந்தது. தானும் அக்காவைப் போல வளர்ந்துவிட்டதாகக் காட்டிக்கொள்வதில் அவனுக்கு இப்போது தீராத ஆசை என்பதால், சண்டையின் நடுவே "நானும் பெரிய பையன்" என்று அறிவித்தான். மகள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அப்படின்னா பென்சிலைக் கொடு. பெரியவங்கதான் விட்டுக்கொடுக்கணும்" என்றாள்.

நானும் மனைவியும் சிரித்துவிட்டோம். அவன் தூங்கிய பிறகு அந்த வாக்கியத்தை மீண்டும் நினைத்துப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. பெரியவராக இருப்பதற்கு எங்கள் மகள் அறிந்த பொருள் ஒன்றே ஒன்றுதான்: கையில் இருப்பதை இழப்பது. இந்தப் பொருளை அவளுக்குக் கற்பித்தவர்கள் வேறு யாருமல்ல, நாங்கள்தாம்.

இரண்டு சிறு குழந்தைகள் உள்ள வீடுகளில் ஒரு நாளில் எத்தனை முறை "நீதானே பெரியவள், விட்டுக்கொடு" என்று சொல்கிறோம் என்பதை யாராவது எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணத் தொடங்கி, மதியத்திற்குள் ஏழைத் தாண்டியதும் வெட்கப்பட்டு நிறுத்திவிட்டேன். இவற்றில் பெரும்பாலான தீர்ப்புகள் விசாரணையே இல்லாமல் வழங்கப்பட்டவை. அழுகைச் சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்தோ கணினியின் முன்னாலிருந்தோ ஓடிவருகிற பெற்றோர், யார் என்ன செய்தார் என்பதைப் பார்த்திருப்பதில்லை. யார் சத்தமாக அழுகிறார் என்பதைத்தான் பார்க்கிறோம். அரை மணி நேரம் பொறுமையாக அடுக்கிய மரக்கட்டைக் கோபுரத்தைத் தம்பி ஒரே உதையில் சரித்த காட்சி முடிந்துபோயிருக்கும். அக்கா அவனைத் தள்ளிய காட்சி மட்டும்தான் நம் கண்ணில் படும். அதன் பிறகு அந்த வாக்கியம் தானாக வாயில் வந்துவிடுகிறது.

சில மாதங்களுக்கு முன், பழைய கைப்பேசி ஒன்றைத் துடைத்துக் கொடுப்பதற்காக அதிலிருந்த படங்களையும் வீடியோக்களையும் கணினிக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். மகன் பிறந்து வீட்டுக்கு வந்த வாரத்தில் எடுத்த வீடியோ ஒன்று அதில் இருந்தது. சட்டையைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டு, பாதிச் சொற்களை விழுங்கி விழுங்கிப் பேசிக்கொண்டு, மெத்தையின் ஓரத்தில் ஒரு குழந்தை நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்த மகள், "இது தம்பியா?" என்று கேட்டாள். அது அவள்தான். அப்போது அவளுக்கு மூன்று வயதும் ஒரு மாதமும். அந்த வீடியோவின் பின்னணியில் என் குரல் கேட்கிறது: "நீ இனிமேல் பெரிய பொண்ணு. சத்தம் போடக் கூடாது, சரியா?"

இன்று அதே வயதை நெருங்கிக்கொண்டிருக்கும் மகனை நாங்கள் வீட்டின் சின்னக் குழந்தையாகத்தான் நடத்துகிறோம். அவன் உணவைச் சிந்தினால் துடைக்கிறோம், கத்தினால் தூக்கிக்கொள்கிறோம், கதவை அடைத்து அடம்பிடித்தால் "பாவம், தூக்கம் வந்துவிட்டது" என்கிறோம். மகளுக்கு இந்தச் சலுகைகள் எல்லாம் ஒரே இரவில் காலாவதியாகிவிட்டன. அவள் வளர்ந்துவிட்டதால் அல்ல, மூன்று கிலோ எடையுள்ள ஒரு சிசுவின் பக்கத்தில் நிற்க நேர்ந்ததால் பெரியவளாகத் தெரிந்தாள், அவ்வளவுதான்.

நாங்கள் அவளிடம் எதிர்பார்த்தது அந்த வயதில் இயலக்கூடியதுதானா என்றும் பின்னர் யோசித்தேன். விட்டுக்கொடுக்க வேண்டுமென்றால் எதிரிலிருப்பவர் மனத்தில் என்ன ஓடுகிறது என்று ஊகிக்கத் தெரிய வேண்டும். ஆஸ்திரியாவில் ஹைன்ஸ் விம்மர், யோசஃப் பெர்னர் என்ற இரு உளவியலாளர்கள் 1983-ல் வெளியிட்ட ஆய்வு இந்தத் திறனைப் பற்றியது. ஒரு சிறுவன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அவன் இல்லாதபோது அம்மா அதை வேறோர் அலமாரிக்கு மாற்றிவிடுகிறார். திரும்பி வரும் சிறுவன் எங்கே தேடுவான்? மூன்று வயதுக் குழந்தைகள் பெரும்பாலும், சாக்லேட் இப்போது இருக்கும் இடத்தையே காட்டுகிறார்கள். தனக்குத் தெரிந்தது அந்தச் சிறுவனுக்குத் தெரியாது என்பதைப் பிரித்துப் பார்க்கும் ஆற்றல், பொதுவாக நான்கு வயதை ஒட்டித்தான் உறுதிப்படத் தொடங்குகிறது. "தம்பிக்குப் புரியாதும்மா, நீதான் புரிஞ்சுக்கணும்" என்று நாங்கள் மூன்று வயதுப் பிள்ளையிடம் மன்றாடிய நாள்களில், புரிந்துகொள்ளும் அந்தக் கருவியே அவளுக்குள் முழுமையாக உருவாகியிருக்கவில்லை.

இதைச் சொன்னால் உறவினர் வட்டத்தில் உடனே ஒரு மறுப்பு வரும். நாங்களெல்லாம் அப்படித்தான் வளர்ந்தோம், விட்டுக்கொடுத்துப் பழகியதால்தான் குடும்பம் ஒன்றாக இருந்தது என்பார்கள். விட்டுக்கொடுத்தல் நல்ல பண்பு என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் அந்தச் சொல்லிலேயே கொடுத்தல் இருக்கிறது, பிடுங்குதல் இல்லை. அழுகிற தம்பியிடம் ஒப்படைப்பதற்காக அக்காவின் கையிலிருந்து நாம் ஒரு பொம்மையை வாங்கும்போது அவள் எதையும் கொடுக்கவில்லை, நாம் எடுத்திருக்கிறோம். தம்பியும் அந்த நேரத்தில் பண்பு எதையும் கற்பதில்லை, அழுதால் கிடைக்கும் என்ற கணக்கைத்தான் கற்கிறான். அதைவிட அக்காவுக்குத் தம்பி மீது உண்டாகும் மனத்தாங்கல்தான் எனக்கு அச்சமூட்டுகிறது. பறித்தவர்கள் நாம், ஆனால் அவள் கோபம் போய் விழுவது அவன் மேல்.

எல்லாவற்றையும் சரிசமமாகப் பங்கிட்டால் தீர்ந்துவிடும் என்று நினைத்துச் சில காலம் வீட்டை அளவைக் கூடமாகவே நடத்தினோம். பழச்சாற்றை ஒரு பொட்டுக்கூட வேறுபடாமல் ஊற்றுவேன். ஆனால் ஒரு கோப்பை உயரமாகவும் மற்றது அகலமாகவும் இருந்துவிட்டால் போச்சு. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே இதையேதான் சோதனையாகச் செய்து காட்டினார்: அகலமான குவளையிலிருந்த நீரைக் கண் முன்னாலேயே ஒல்லியான உயரக் குவளைக்கு மாற்றினாலும், ஏறத்தாழ ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள் பலர் உயரமானதில்தான் அதிகம் இருக்கிறது என்பார்கள். அந்த மேதையின் ஆய்விலிருந்து எங்கள் குடும்பம் அடைந்த உடனடிப் பயன், ஒரே அளவில் இரண்டு கோப்பைகள் வாங்கியதுதான். சண்டை மறுநாளே கோப்பையின் நிறத்துக்கு மாறிவிட்டது என்பது வேறு கதை.

ஆகவே சமப் பங்கீட்டைக் கைவிட்டு, உரிமை என்ற ஒன்றைக் கொண்டுவந்தோம். மகளுக்கு ஓர் அலமாரித் தட்டு உண்டு. தம்பிக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. அதில் உள்ளவற்றை அவள் யாருடனும் பகிர வேண்டியதில்லை, நாங்களும் கேட்பதில்லை. கோபுரம் கட்ட வேண்டுமானால் மேசை மீது கட்டலாம். பொதுவான பொம்மை யார் கையில் இருக்கிறதோ அவர் விளையாடி முடித்த பிறகே அடுத்தவருக்குப் போகும். நாங்கள் நேரம் குறிப்பதில்லை, அவசரப்படுத்துவதுமில்லை. மகன் காத்திருக்கும்போது அழுகிறான், சில நாள் நன்றாகவே அழுகிறான். அவன் அருகில் உட்கார்ந்து "வேணும்னு இருக்கு, இல்லையா? அக்கா முடிச்சதும் உனக்கு" என்று சொல்லிக்கொண்டிருப்பது, பொம்மையை வாங்கிக் கொடுத்து ஒரு நொடியில் வீட்டை அமைதியாக்குவதைவிடப் பலமடங்கு கடினம். முதல் இரண்டு வாரங்கள் இதைத் தொடங்கியிருக்கவே வேண்டாமோ என்றிருந்தது. பிறகு ஒரு மாற்றம் தெரிந்தது: யாரும் பிடுங்க மாட்டார்கள் என்று உறுதியானதும் மகள் பொம்மையை முன்பைவிட விரைவாகவே தரத் தொடங்கினாள். எப்போதும் அல்ல, சில சமயம் அவனை வெறுப்பேற்றுவதற்காகவே கால் மணி நேரம் கட்டிப்பிடித்துக்கொண்டும் இருப்பாள்.

இன்னொன்றையும் கவனித்தோம். எங்கள் வீட்டுச் சண்டைகளில் பாதிக்கு மேல் மாலை ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையில் நடக்கின்றன, அதிலும் மகன் பகலில் தூங்காத நாள்களில். ஒன்று முதல் இரண்டு வயதுள்ள குழந்தைகளுக்குப் பகல் தூக்கம் உட்பட 11 முதல் 14 மணி நேரமும், மூன்று, நான்கு வயதினருக்கு 10 முதல் 13 மணி நேரமும் தூக்கம் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. அந்த மாலை வேளையில் நீதி வழங்குவதில் பொருளில்லை. இருவரையும் குளிக்க அழைத்துக்கொண்டு போய்விடுவதே போதுமானது.

"பெரியவள்" என்ற சொல்லை வீட்டிலிருந்து விரட்டவும் நான் விரும்பவில்லை. அதோடு இழப்பு மட்டுமே வந்தது என்பதுதான் என் குறை. இப்போது தம்பி தூங்கிய பிறகு அவளுக்கென்று அரை மணி நேரம் உண்டு. அதில் என்ன செய்வது என்பதை அவளே தீர்மானிக்கிறாள். "தம்பியைப் பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போவதையும் நிறுத்திவிட்டோம். அவனைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் நாங்கள். ஆறு வயதுப் பிள்ளை எங்களுக்குச் சம்பளமில்லாத உதவியாளர் அல்ல.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்றை மறைத்தால் நேர்மையாகாது. போன வாரம் ஒரு முக்கியமான அழைப்பில் பேசிக்கொண்டிருந்தபோது இருவரும் கத்தத் தொடங்க, கைப்பேசியின் வாயைப் பொத்திக்கொண்டு நான் சொன்னது என்னவென்று உங்களுக்கே தெரியும். அழைப்பு முடிந்ததும் மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லைப்பா" என்று உடனே சொல்லிவிட்டாள். அவ்வளவு விரைவாகச் சொன்னதுதான் எனக்கு உறுத்தலாக இருந்தது.

மூன்று குழந்தைகள் உள்ள நண்பர்களிடம் ஒரு கேள்வி. உங்கள் நடுப்பிள்ளையை எந்த நேரத்தில் பெரியவர் என்கிறீர்கள், எந்த நேரத்தில் சின்னவர் என்கிறீர்கள்? அந்தப் பிள்ளை தன்னை என்னவென்று சொல்லிக்கொள்கிறது? உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.