அத்தை ஊர்ச் சாம்பலையும் அளந்து பாருங்கள்

அத்தை வீட்டில் காயப்போட்ட துணியை நாலு உதறு உதறாமல் உள்ளே கொண்டுவர முடியாது. தண்ணீர்க் குடத்து மூடியில் விரலை வைத்துத் தேய்த்தால் மாவு மாதிரி ஒட்டும். நிலக்கரியை எரிக்கும் அனல்மின் நிலையத்தின் சாம்பல் குட்டை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கோடையில் அது காய்ந்து காற்றும் அடித்தால், சோற்றுத் தட்டை மூடி மூடித்தான் சாப்பிட வேண்டும்.

அந்தச் சாம்பலில் கதிரியக்கம் உள்ள யுரேனியமும் தோரியமும் இருக்கின்றன என்று போன வாரம் அத்தையிடம் சொன்னேன். "இங்க அணு உலையே இல்லையேடா?" என்றார்.

அணு உலை வேண்டியதில்லை. மண்ணிலும் பாறையிலும் இயற்கையாக உள்ளவைதான் நிலக்கரியிலும் இருக்கின்றன, டன்னுக்குச் சில கிராம். கரி எரிந்துபோகும், இவை எரியாது. நம் நாட்டு நிலக்கரியில் 30 முதல் 45 சதவீதம் வரை சாம்பல்தான். மிஞ்சுகிற அந்தச் சாம்பலில் இவற்றின் செறிவு இரண்டு மூன்று மடங்கு ஏறிவிடுகிறது. யுரேனியம் சிதைந்து உருவாகும் ஈயம்-210, பொலோனியம்-210 இரண்டும் உலைச் சூட்டில் ஆவியாகி, புகை ஆறும்போது மிக நுண்ணிய துகள்களின் மேல் படிகின்றன. வடிகட்டிகள் பெரும்பாலான சாம்பலைப் பிடித்துவிடும். தப்பிப்பவை இந்த நுண்துகள்கள்தான். நுரையீரலின் அடிவரை போகக்கூடியவையும் இவைதான்.

பயமுறுத்த எழுதவில்லை. சாம்பலின் கதிரியக்கம் பெரும்பாலும் கருங்கல்லில் இருப்பதை ஒட்டித்தான் வரும். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இதைவிட நிறைய உண்டு. இந்தச் சாம்பலில் செய்த ஃபிளை ஆஷ் கல்லில் வீடு கட்டியவர்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அத்தையின் இருமலுக்கு வெறும் தூசியே போதும்.

என் ஆதங்கம் வேறு. நிலக்கரி நிலையத்தைச் சுற்றி வசிப்பவர்களுக்கு, அணுமின் நிலையத்துக்கு அருகில் வசிப்பவர்களைவிடக் கூடுதல் கதிர்வீச்சு கிடைக்கலாம் என்று அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தினர் 1978லேயே கணக்குப் போட்டுச் சொன்னார்கள். விபத்தையும் அணுக்கழிவையும் சேர்க்காத கணக்கு அது, சரி. ஆனாலும் 50 வருஷம் ஆகப்போகிறது. கல்பாக்கம் அணுமின் நிலையத்தைச் சுற்றி மீன், பால், அரிசி எல்லாம் எடுத்துச் சோதிக்க ஆய்வகம் இருக்கிறது. இருக்கத்தான் வேண்டும். அத்தை ஊர்க் கிணற்றிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துப்போகக்கூட இதுவரை யாரும் வந்ததில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை அங்கே காற்றையும் கிணற்று நீரையும் அளந்து, வந்த எண்ணைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் தமிழில் எழுதுங்கள். அதுவரை, குட்டையைக் காயவிடாமல் தண்ணீராவது தெளியுங்கள்.