நூறு கோடி டன் சரி, அதில் சாம்பல் எவ்வளவு?

2024-25 நிதியாண்டு முடிவதற்குள்ளாகவே, மார்ச் 20ஆம் தேதி இந்தியாவின் நிலக்கரி உற்பத்தி 100 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. பெரிய விஷயம்தான், அந்தத் தொழிலாளிகளின் உழைப்பை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அதே ஆண்டில் 24 கோடி டன்னுக்கு மேல் வெளிநாட்டிலிருந்தும் வாங்கினோம். முந்தைய ஆண்டில் அது 26 கோடி, அதனால் குறைந்திருக்கிறது என்பது உண்மை. இருந்தாலும் "இவ்வளவு வெட்டி எடுத்தும் ஏன் வாங்கணும்?" என்று பலர் கோபப்படுகிறார்கள்.

இறக்குமதி எல்லாமே ஒன்றல்ல. எஃகு ஆலையில் இரும்பை உருக்கும் ஊதுலைக்கு கோக்கிங் நிலக்கரி, அதாவது கோக் தயாரிக்க ஏற்ற வகை வேண்டும், அது சாம்பல் குறைவாக இருக்க வேண்டும். நம்மிடம் அதற்கு முக்கியமான இடம் ஜார்க்கண்டின் ஜரியா. அங்கே சாம்பலும் அதிகம், 1916 முதல் நிலத்தடியில் தீயும் எரிந்துகொண்டிருக்கிறது. எனவே ஆஸ்திரேலியாவிலிருந்து வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குஜராத்தின் முந்த்ரா போன்ற கடலோர மின் நிலையங்களின் கொதிகலன்களும் இறக்குமதி நிலக்கரிக்கென்றே கட்டப்பட்டவை.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். நம் நிலக்கரியில் 30 முதல் 45 சதவீதம் சாம்பல். ஒரு சரக்கு ரயில் சுமார் 4,000 டன் ஏற்றுகிறது என்றால், 40 சதவீதக் கணக்கில் அதில் 1,600 டன் எரியவே எரியாத சாம்பல். ஒடிசாவின் தால்ச்சரில் வெட்டி, ரயிலில் பாரதீப் துறைமுகம், அங்கிருந்து கப்பலில் எண்ணூர், மேட்டூர் அனல் மின் நிலையத்துக்கு என்றால் மறுபடியும் ரயில், இத்தனை தூரமும் அந்தச் சாம்பலுக்கும் சேர்த்துத்தான் வாடகை கட்டுகிறோம். 2022 ஏப்ரலில் வெயில் கொளுத்தியபோது நிலக்கரி ரயில்களுக்கு வழிவிடப் பயணிகள் ரயில்களையே ரத்து செய்தார்களே, அப்போதும் சுரங்க வாயிலில் கரி குவிந்துதான் கிடந்தது. ஏற்றிவரத்தான் சரக்கு ரயில்கள் போதவில்லை. கடைசியில் மாநிலங்கள் வெளிநாட்டுக் கரியை வாங்கி 10 சதவீதம் கலக்க வேண்டும் என்று மத்திய அரசு சொன்னது.

இதற்கு ஒரு வழி ஏற்கெனவே சட்டத்தில் இருந்தது. 500 கிலோமீட்டருக்கு மேல் போகும் நிலக்கரியில் சாம்பல் 34 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அதாவது கழுவிக் கல்மண்ணைப் பிரித்தோ, சாம்பல் குறைந்த கரியோடு கலந்தோதான் அனுப்ப வேண்டும். 2020 மே மாதம், ஊரடங்கின் நடுவே, சுற்றுச்சூழல் அமைச்சகம் அந்த வரம்பையே எடுத்துவிட்டது. கழுவினால் செலவு கூடுகிறது, கழிவாக ஒதுக்கும் கரியை அக்கம்பக்கத்து ஆலைகள் வாங்கி எரிக்கின்றன என்று காரணம் சொன்னார்கள். சரி, அந்தக் கழிவைக் கட்டுப்படுத்த வேண்டியதுதானே? அதற்காகச் சாம்பலை எண்ணூர்வரை அனுப்புவது எந்த ஊர் நியாயம்? அப்புறம், அந்தச் சாம்பல் எங்கே போகிறது என்று கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் இறால் பிடிக்கிறவர்களைக் கேளுங்கள். மின் நிலையத்தின் சாம்பல் குழாய் உடைந்து சாம்பல் ஆற்றில் படிவதை அவர்கள் எத்தனையோ வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

எத்தனை கோடி டன் வெட்டினோம் என்று மட்டும் அறிவிப்பதை நிறுத்த வேண்டும், சராசரி சாம்பல் எவ்வளவு, வெப்பத்திறன் எவ்வளவு என்பதையும் அதே அறிவிப்பில் அதே அளவு எழுத்தில் போட வேண்டும். தொலைதூரக் கரிக்கு 34 சதவீத வரம்பு திரும்ப வர வேண்டும். மத்திய அரசு செய்யும்வரை நம் மின்வாரியம் காத்திருக்கவும் தேவையில்லை, அடுத்த ஒப்பந்தத்தில் கழுவிய நிலக்கரியைக் கேட்டு வாங்கட்டும், கூடுதல் விலையையும் மிச்சமாகும் கப்பல் வாடகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மக்களுக்குக் கணக்குக் காட்டட்டும்.