கேமரா விலை குறைந்தால் போதுமா?
"கேமரா விலை குறைந்துவிட்டது, இனி யார் வேண்டுமானாலும் ஆவணப்பட இயக்குநராக வாழலாம்" என்று ஆவணப்படங்களைப் பற்றிய ஒரு கட்டுரையில் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கோலாலம்பூரில் தனியாகப் படம் இயக்கி, படத்தொகுப்பையும் தாமே செய்பவர்களில் நானும் ஒருத்தி. படப்பிடிப்பு எப்படியோ முடிந்துவிடும். காலத்தை விழுங்குவது தொகுப்புதான். ரப்பர் தோட்டத்திலிருந்து அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்க்கப்பட்ட குடும்பங்களைப் பற்றிய என் படத்தில், ஒரு பாட்டி பேச்சின் நடுவே நெடுநேரம் மௌனமாகிவிடுவார். அந்த மௌனத்தில் எவ்வளவை விட்டுவைப்பது? குறைத்தால் அவர் வலி போய்விடுகிறது, நீட்டினால் அவரைக் காட்சிப்பொருளாக்குகிறோம். அந்த முடிவை எடுக்க மாதங்கள் ஆயின. அதற்கு யாரும் சம்பளம் தரவில்லை. திருமண வீடியோக்களைத் தொகுத்துத்தான் வாடகை கட்டினேன். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு வாசகர், "படம் முடிந்ததும் மண்டபம் பிடித்துக் காட்டிவிடலாமே" என்கிறார். ஐயா, மலேசியாவின் 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டப்படி, தணிக்கை வாரியத்தின் அனுமதி பெறாத படத்தைத் திரையிடுவது இங்கே குற்றம். இலங்கைப் போரின் இறுதி மாதங்களைப் பற்றிய 'நோ ஃபயர் ஸோன்' ஆவணப்படத்தை 2013இல் இதே கோலாலம்பூரில் திரையிட்டதற்காக ஒரு மனித உரிமைச் செயற்பாட்டாளர் மீது வழக்குத் தொடுத்தார்கள். 2017இல் அவருக்கு 10,000 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டது. புதிதாக வரும் பிள்ளைகள் நிதி கேட்டு விண்ணப்பிக்கும்போதே தொகுப்புக் காலத்துக்கான ஊதியத்தையும் தணிக்கைக்கான செலவையும் சேர்த்தே கேளுங்கள்.