குடால் சைகை மொழி கற்றுத் தரவில்லை

சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குடாலைப் பற்றி ஒருவர், "அவர் சிம்பன்சிகளுக்குச் சைகை மொழி கற்றுக்கொடுத்து அவற்றோடு பேசினார்" என்று எழுதியிருக்கிறார். இது இரண்டு வேறு கதைகளைக் கலந்துவிட்டது. அமெரிக்கச் சைகை மொழியைக் கற்றது வாஷோ என்ற சிம்பன்சி. 1966-இல் நெவாடாவில் கற்பிக்கத் தொடங்கியவர்கள் ஆலன், பீட்ரிக்ஸ் கார்ட்னர் தம்பதியர். குடால் 1960-இல் தான்சானியாவின் கோம்பே காட்டுக்குப் போனது காட்டுச் சிம்பன்சிகளைக் கவனிக்கத்தான்.

அப்புறம், சிம்பன்சிகளுக்குச் சைகையை மனிதர் கற்றுத்தரத் தேவையே இல்லை. உகாண்டாவின் புடோங்கோ காட்டில் கேத்தரின் ஹோபைட்டரும் ரிச்சர்ட் பைர்னும் ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட கட்டுரையில் 66 வகைச் சைகைகள், 19 அர்த்தங்கள் என்று கணக்கு வருகிறது. சத்தம் வரும்படி உடம்பை நீளமாகச் சொறிந்தால் 'வா, பேன் பார்க்கலாம்' என்று அழைப்பு. இலையைப் பல்லால் கிழித்தால் இணையை ஈர்க்கும் முயற்சி. எதிரே இருக்கும் சிம்பன்சி கேட்டதைச் செய்ததும் சைகையும் நின்றுவிடுகிறது. அர்த்தத்தை அதை வைத்துத்தான் முடிவு செய்தார்கள். ஆனால் இதை 'மொழி' என்று சொல்ல நான் தயங்குவேன். இலக்கணம் மாதிரி எதுவும் அந்தக் கட்டுரையில் காட்டப்படவில்லை.