தோசைமாவுக்கும் மின்வரி

கரண்டுக்கான வருடக் கணக்கு வந்துவிட்டது. உங்களுக்கும் வந்திருக்கும். மிச்சக் காசையும் கட்டு, அடுத்த மாதத்திலிருந்து மாதக் காசையும் கூட்டிக் கட்டு. வாழ்க ஜேர்மனி!

யாரோடாவது சண்டை பிடிக்காமல் தூக்கம் வராது என்று கம்பனிக்குப் போன் எடுத்தேன். பாட்டு ஓடியது. ஒரு தட்டு இடியப்பம் அவிந்து முடியுமட்டும் ஓடியது. அப்புறம் ஒரு பெண் வந்து பில்லை வரிவரியாக வாசித்தார். கடலில் நிற்கும் காற்றாலைக்கு ஒரு கட்டணம். ரோட்டுக்குக் கீழே வயர் போவதற்கு நகரசபைக்கு ஒரு கட்டணம். மின்வரி யூனிட்டுக்கு 2.05 சதம். எல்லாவற்றுக்கும் மேலே 19 வீத வற், அதுதான் பெறுமதி சேர் வரி.

"மின்வரிக்கும் சேர்த்தா வற்?"

"ஆம், சேர்த்துத்தான்."

"வரிக்கு வரியா?"

"சட்டம் அப்படி."

"மின்வரியை எல்லாருக்கும் குறைக்கிறோம் என்று அரசாங்கத்தில் சொன்னார்களே?"

"அது உற்பத்தித் தொழில்களுக்கும் கமத்துக்கும் மட்டும்."

"எங்கள் வீட்டிலும் உற்பத்திதான். வெள்ளி பின்னேரம் வந்து பாருங்கள். ஒரு பக்கம் கிரைண்டர், ஒரு பக்கம் ரைஸ் குக்கர், மின் அடுப்பில் சாம்பார், குளியலறையில் சுடுதண்ணி மெஷின்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு கேட்டார்: "தொழில் பதிவுப் பத்திரம் இருக்கிறதா?"

பகிடி இல்லை. உண்மையாகவே கேட்டார். இல்லை என்றதும், இன்டர்நெட்டும் எங்களிடமே எடுத்தால் கழிவு உண்டு என்றார்.

2025 ஏப்ரலில் ஆட்சி அமைக்க வந்த கட்சிகள் தங்கள் கூட்டணி ஒப்பந்தத்தில் எழுதினார்கள்: உடனடி நடவடிக்கையாக மின்வரி எல்லாருக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆகக்குறைந்த அளவுக்கு இறங்கும். அதாவது வீடுகளுக்கு 0.1 சதம். ஜூலை பிறந்ததும் கஜானாவில் காசில்லையாம். தொழிற்சாலைக்கும் கமக்காரருக்கும் சலுகை தொடரும், வீட்டுக்காரர் பொறுங்கள். அந்த ஆட்சியின் தலைவர் மெர்ஸ் ஐயா, உங்கள் ஊரில் 'உடனடி' என்றால் எத்தனை வருடம்?

கணக்கைப் பாருங்கள். வருடம் 3500 யூனிட் ஓடினால் மின்வரி 71.75 யூரோ. அதற்கு வற் போட்டால் 85 யூரோ தாண்டும். சொன்னபடி குறைத்திருந்தால் அந்த 71.75 வெறும் 3.50. விடிய நாலு மணிக்கு எழும்பி அலுவலகங்கள் துடைக்கப் போகிறவருக்கும் அதே 2.05, பெரிய மாளிகைக்காரருக்கும் அதே 2.05. இல்லை, அவர் கூரையில் சோலார் தகடு போட்டிருப்பார், அதில் எடுத்துத் தானே பாவிக்கும் கரண்டுக்கு இந்த வரியே இல்லை. வாடகை வீட்டு மூன்றாம் மாடியில் எனக்கு ஏது கூரை? 1999இல் சுற்றுச்சூழலைக் காக்கவென்று கொண்டுவந்த வரியாம் இது. அந்தக் காசில் பெரும்பங்கு போனது ஓய்வூதிய நிதிக்கு. காற்று சுத்தமாகிவிட்டதா என்று ஓய்வூதியக்காரரைத்தான் கேட்கவேண்டும்.

இவ்வளவு கத்தியும் என்ன, வங்கிக் கணக்கிலிருந்து அவர்களே எடுத்துவிடுவார்கள்.

அதை விடுங்கள். இந்தத் தொலைக்காட்சிக் கட்டணம் மாதம் 18.36 யூரோ எதற்கு? வீட்டில் டிவியே இல்லாவிட்டாலும் கட்ட வேண்டுமாம். மாமி நாள் முழுக்கப் பார்ப்பது யூடியூப்பில் சீரியல்!