இறங்கியதும் ஓடிப்போகிற பறவை

ஃபைனல் ஃபேன்டசி கேம்களில் வரும் சோக்கோபோவைப் பற்றி நீளமாக எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும் மஞ்சள் பறவை. முதுகில் ஏறிக்கொண்டால் சமவெளி முழுக்கச் சுற்றி வரலாம். "க்வே" என்று கத்தும். அந்தக் கேம்களைத் தொட்டிராதவர்கள்கூட அதை எங்காவது படமாகவோ பொம்மையாகவோ பார்த்திருப்பீர்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏறிச் செல்லும் பறவையை உயிருள்ளதாக நாம் உணர வேண்டும் என்றால், நம்மை விட்டுப் போகும் உரிமை அதற்கு இருக்க வேண்டும். பட்டனை அழுத்தியதும் காற்றிலிருந்து முளைத்து, இறங்கியதும் காற்றில் கரைந்துபோகும் பறவை எவ்வளவு அழகாக வரையப்பட்டிருந்தாலும், வேகத்தைக் கூட்டும் ஒரு வசதியாகத்தான் மனதில் நிற்கிறது. இன்று பெரும்பாலான கேம்கள் அந்தப் பக்கம்தான் போகின்றன. அதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

சோக்கோபோ முதலில் வந்தது 1988 டிசம்பரில், ஃபேமிகாம் என்ற கேம் கருவிக்கு வெளியான இரண்டாம் பாகத்தில். அதை உருவாக்கியவர் கோயிச்சி இஷீ. அந்தக் கேமில் ஒரு காட்டுக்குள் போனால்தான் பறவை கிடைக்கும். ஏறிவிட்டால் வழியில் எந்த அரக்கனும் சண்டைக்கு வராது. நாலு அடி வைத்தால் ஒரு சண்டை என்று இருந்த காலத்தில் அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது ஆடியவர்களுக்குத் தெரியும். ஆனால் இறங்கினால் போச்சு. பறவை காட்டைப் பார்க்க ஓடிவிடும். மறுபடி வேண்டும் என்றால் மறுபடி காட்டுக்கு நடக்க வேண்டியதுதான்.

இந்த ஒரு விதி செய்யும் வேலையைப் பாருங்கள். எங்கே இறங்குவது என்பதே யோசிக்க வேண்டிய விஷயமாகிவிடுகிறது. வழியில் ஒரு குகை தெரிகிறது, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசை. இறங்கினால் அதன்பின் நடைதான், சண்டைதான். மருந்து எவ்வளவு மிச்சம், மந்திர சக்தி எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட ஆரம்பிக்கிறோம். இத்தனையும் எட்டு பிட் கருவியில், சில புள்ளிகளால் வரைந்த ஓர் உருவத்தைக் கொண்டு. அதற்கு முகபாவம் கிடையாது, வசனம் கிடையாது. ஆனாலும் அதற்கென்று ஒரு வீடு இருக்கிறது, நம்மோடு வருவது கொஞ்ச நேரத்துக்குத்தான் என்பது சொல்லாமலே புரிந்துவிடுகிறது.

நான்காம், ஐந்தாம் பாகங்களில் கறுப்புச் சோக்கோபோ வருகிறது. அது பறக்கும். ஆனால் காட்டில் மட்டுமே தரையிறங்கும். இது எனக்கு ரொம்பப் பிடித்த கட்டுப்பாடு. அதன் முதுகில் இருக்கும்போது மேப்பில் பச்சைத் திட்டு எங்கே இருக்கிறது என்றுதான் கண் தேடும். ஏர்ஷிப் என்ற பறக்கும் கப்பல் கிடைத்த பிறகு அதே காடுகளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பறவையோடு போகும்வரை, நிலத்தில் எது முக்கியம் என்பதைப் பறவைதான் முடிவு செய்கிறது. 1992இல் வந்த ஐந்தாம் பாகத்தில் நாயகன் பார்ட்ஸுக்குக் கதை தொடங்கும்போதே போக்கோ என்று ஒரு சோக்கோபோ துணையாக இருக்கும். கதை முடிவதற்குள் போக்கோவுக்கும் ஒரு ஜோடி கிடைத்துவிடுகிறது. நாம் இல்லாத நேரத்திலும் அதற்கு ஒரு வாழ்க்கை நடந்திருக்கிறது என்று காட்டியது எவ்வளவு நல்ல விஷயம்!

இங்கே இசையைச் சொல்லாமல் போக முடியாது. நோபுவோ உயமட்சு அமைத்த அந்தச் சின்ன மெட்டு பாகத்துக்குப் பாகம் புது உடுப்பு மாட்டிக்கொண்டு வரும். ஐந்தில் மாம்போ, ஆறில் டெக்னோ, ஒன்பதில் உகுலேலே, பத்தில் பித்தளை வாத்தியங்கள். ஏறியதும் மெட்டு தொடங்கும், இறங்கியதும் நின்று பழைய இசை திரும்பும். பறவை போய்விட்டது என்பது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் காதுக்குத் தெரிந்துவிடும்.

சரி, ஏழாம் பாகத்துக்கு வருவோம். 1997. சோக்கோபோ என்றாலே பலருக்கு இதுதான் நினைவுக்கு வரும். இதில் பறவையைப் பிடிப்பதே ஒரு தனிக் கலை. அதை ஈர்க்கும் மாட்டீரியா என்ற மந்திரக் கல்லைப் போட்டுக்கொண்டு, தரையில் கால்தடம் தெரியும் இடத்தில் அலைய வேண்டும். சண்டையில் மற்ற அரக்கர்களோடு அதுவும் நிற்கும். கீரையைப் போட்டால் தின்றுகொண்டே இருக்கும். அந்த நேரத்துக்குள் மற்றவர்களை முடிக்க வேண்டும். தவறி அதன்மேல் ஒரு அடி பட்டால் ஓடிவிடும். பிடித்த பறவையில் ஏறி, மிட்கர் சோலோம் என்ற ராட்சதப் பாம்பு உலவும் சதுப்பு நிலத்தைக் கடக்க வேண்டும். கடந்து போனால் அதே மாதிரிப் பாம்பு ஒன்று மரத்தில் குத்திச் செருகப்பட்டுக் கிடக்கும். நாம் ஒரு பறவையின் காலை நம்பித் தப்பி வந்த இடத்தில், செஃபிரோத் தனியாக வந்து அதைச் செய்துவிட்டுப் போயிருக்கிறான். வில்லனின் பலத்தை இதைவிட நன்றாகக் காட்டிய கேம் எனக்குத் தெரியாது. அந்தப் பறவை இல்லாவிட்டால் அந்தக் காட்சிக்குப் பாதி பலம்கூட இருந்திருக்காது.

அதே கேமில் பின்னால் வரும் இனப்பெருக்கப் பகுதியில்தான் எனக்கு மாறுபட்ட கருத்து. பண்ணையில் கொட்டில் ஒன்று 10,000 கில் (அந்தக் கேமின் பணம்). பிடித்து வந்த பறவைகளுக்குக் கீரை ஊட்டி, பந்தயத்தில் ஓட வைத்து, கொட்டை கொடுத்துச் சேர்த்தால் குஞ்சு கிடைக்கும். நீலம் ஆறு தாண்டும், பச்சை மலை ஏறும், கறுப்பு இரண்டும் செய்யும், பொன்னிறம் கடலையே கடக்கும். அந்தப் பொன்னிறப் பறவை இருந்தால்தான் ஒரு மூலைத் தீவுக்குப் போய், 13 வீரர்கள் வரிசையாக வந்து வெட்டும் அந்தப் பேர்பெற்ற மந்திரத்தை எடுக்க முடியும். இதை வடிவமைத்தவர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் பொன்னிறம் கிடைத்ததும் மற்ற பறவைகளுக்கு என்ன வேலை? கொட்டிலில் நிற்கின்றன, அவ்வளவுதான். அதுவரை பாசமாகக் கீரை ஊட்டிய நாம் அந்தப் பக்கமே போவதில்லை. பறவை ஒரு பூட்டைத் திறக்கும் சாவியாகிவிட்டது, பூட்டைத் திறந்ததும் கதையும் முடிந்துவிட்டது.

2000இல் வந்த ஒன்பதாம் பாகம் இதைத் திருத்தியது என்றே சொல்வேன். இங்கே பல பறவைகள் கிடையாது, சோக்கோ என்ற ஒரே பறவை. கூடவே மெனே என்ற மூகிள், அதாவது இந்தக் கேம்களில் வரும் ஒரு குட்டிப் பிராணி. மஞ்சளாகத் தொடங்கும் சோக்கோ, புதையல் தோண்டத் தோண்ட நிறம் மாறும். முதலில் ஆழமில்லாத கடலோரம், அப்புறம் மலை, அப்புறம் நடுக்கடல், கடைசியில் வானம். ஏழாம் பாகத்தில் நாலு பறவை செய்த வேலை இங்கே ஒரே பறவையின் வளர்ச்சி. கூப்பிட வேண்டும் என்றால் மேப்பில் கால்தடம் இருக்கும் இடத்துக்குப் போய்க் கிசால் கீரை கொடுக்க வேண்டும். காட்டில் அது அலகால் மண்ணைக் கொத்தும் விளையாட்டு இருக்கிறதே, புதையல் அருகில் வந்தால் அதன் குரல் மாறும். அந்தக் குரல் வித்தியாசத்தைக் கவனித்துக் கவனித்தே அதன் பாஷை நமக்குப் பழகிவிடும். அதற்கென்று ஒரு சொர்க்கம், அதைத் தேடிப் போகும் தனிக் கதை. அந்தக் கதையில் நாயகன் சோக்கோதான், நாம் கூடப் போகிறோம்.

2002இல் வந்த பதினொன்று ஆன்லைன் கேம். அதில் 20ஆம் நிலையை எட்டினாலும் உடனே சவாரி கிடைக்காது. லாயத்தில் காயப்பட்ட சோக்கோபோ ஒன்று இருக்கும். அதற்குத் தழை ஊட்டித் தேற்றினால்தான் உரிமம். ஒரு தடவை கொடுத்தால் போதாது. விட்டு விட்டு, காத்திருந்து, மறுபடி மறுபடி கொடுக்க வேண்டும். சலித்துக்கொண்டவர்கள் நிறைய. எனக்கு அந்தக் காத்திருப்பு தேவையானது என்றுதான் படுகிறது. வலியில் இருக்கும் ஒரு பறவை தெரியாத ஆளை உடனே நம்பினால்தான் பொய். 2006இல் முட்டையிலிருந்து வளர்க்கும் முறையும் அதில் வந்தது. உண்மையான நாட்கள் கணக்கில் வளரும்.

நிஜப் பறவைகளையும் கொஞ்சம் பார்ப்போம். இன்றிருப்பவற்றில் பெரியது நெருப்புக்கோழி. 2.7 மீட்டர் வரை உயரம், மணிக்கு 70 கிலோமீட்டர் வேகம், காலுக்கு இரண்டே விரல். பறவையின் கால் பின்பக்கமாக மடிவது போலத் தெரியும் அந்த மூட்டு உண்மையில் கணுக்கால். முழங்கால் இறகுக்குள் மறைந்திருக்கிறது. இதையெல்லாம் கேம் ஓவியர்கள் அருமையாகப் படித்து வரைகிறார்கள். ஆனால் நெருப்புக்கோழியை நெருப்புக்கோழி ஆக்குவது காலும் இறகும் மட்டுமா? சட்டென்று தலை தூக்கும், சத்தம் கேட்டால் மிரளும், பிடிக்காத இடத்தில் நிற்காது. உடம்பை அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தவர்கள் சுபாவத்தையும் அதே கவனத்தோடு கொண்டுவரலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

புதிய கேம்கள் எல்லாம் மோசம் என்று சொல்ல வரவில்லை. 2013இல் புதுப்பிறவி எடுத்த பதினான்கில் சோக்கோபோ பக்கத்தில் நின்று சண்டை போடும், காயம் ஆற்றும். ஒரு கீரைக்கு 30 நிமிடம், நேரம் முடிந்தால் போய்விடும். நல்ல ஏற்பாடு. ஆனால் அதே கேமில் வெறும் சவாரிக்கு விசில் ஊதினால் போதும். பறக்கும் நாற்காலி முதல் டிராகன் வரை சேரும் மவுண்ட் (ஏறிச் செல்லும் வாகனம்) பட்டியலில் முதல் பறவை மெல்ல மறந்துபோகிறது. 2016இல் வந்த பதினைந்தில், காட்டில் ஒரு கொடிய மிருகம் உலவுவதால் பண்ணைக்காரர் சவாரியையே நிறுத்தி வைத்திருப்பார். அதை வேட்டையாடி முடித்தால்தான் பறவை வாடகைக்கு. பறவையின் பாதுகாப்பு முதலில் என்பது எனக்குப் பிடித்தது.

2024இல் வந்த ஏழாம் பாக மறுஆக்கத்தின் இரண்டாம் பகுதி இன்னும் ஒரு படி மேலே போனது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு பறவை. ஒன்று செங்குத்துப் பாறையில் ஏறும், ஒன்று காளான்மேல் குதித்து எகிறும், ஒன்று மிதந்து போகும். அந்தந்த மண்ணுக்கு ஏற்ற உடம்பு. பிடிப்பதற்கு மறைந்து மறைந்து, கல் எறிந்து கவனத்தைத் திருப்பி நெருங்க வேண்டும். அதுவரை அவ்வளவு உஷாராக இருக்கும் பறவை, ஒரு தடவை பிடிபட்டதும் முழுக்க அடங்கிவிடுகிறது என்பதுதான் குறை. அந்த உஷாரில் கொஞ்சமாவது மிச்சம் இருந்திருக்கலாம்.

விசில் என்பதே தப்பு என்றும் நான் சொல்லவில்லை. 2011இல் வந்த ஸெல்டா கேமான ஸ்கைவார்டு ஸ்வோர்டில் வானத்துத் தீவின் விளிம்பிலிருந்து நாம் முதலில் குதிக்க வேண்டும். விழுந்துகொண்டே கூப்பிட்டால் சிவப்புப் பறவை வந்து தாங்கும். கதைத் தொடக்கத்தில் அதே பறவை காணாமல் போய், தேடி மீட்க வேண்டியிருக்கும். அது இல்லாமல் போகலாம் என்பதை முதலிலேயே காட்டிவிட்டதால், ஒவ்வொரு குதியிலும் அந்த நினைப்பு கூடவே இருக்கிறது.

"வேலை, குடும்பம் எல்லாம் பார்த்துவிட்டு ராத்திரி கொஞ்ச நேரம்தான் விளையாடுகிறோம், அதிலும் பறவையைத் தேடி நடக்கச் சொன்னால் எப்படி?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அவசரத்துக்கு இன்று பெரும்பாலான ஓபன் வேர்ல்டு கேம்களில், அதாவது இஷ்டப்படி சுற்றித் திரியும் கேம்களில், ஃபாஸ்ட் டிராவல் இருக்கிறது. மேப்பைத் திறந்து தொட்டால் சேர்ந்துவிடலாம். நேரம் இல்லாதவர்களுக்கு அந்த வழி ஏற்கெனவே கிடைத்துவிட்ட பிறகு, பறவையையும் எதற்காக அதே வேலைக்கு இழுக்க வேண்டும்? நேரம் எடுத்துப் போக விரும்புகிறவர்களுக்காகப் பறவை இருக்கட்டும்.

நான் கேட்பது செய்ய முடியாத காரியமும் இல்லை. இறங்கினால் பறவை மறைய வேண்டாம், பக்கத்தில் மேயட்டும். அதிக நேரம் குகைக்குள் இருந்துவிட்டால் தன் காட்டைப் பார்க்கப் போகட்டும். பழக்கம் கூடக் கூட அது காத்திருக்கும் நேரமும் கூடட்டும். பெரிய மிருகத்தின் வாடை அடித்தால் கால் பதிக்க மறுக்கட்டும். அந்த மறுப்பே நமக்கு எச்சரிக்கையாக இருக்கட்டும், தனியாக ஒரு சிவப்பு அம்புக்குறி வேண்டாம். பட்டினி போட்டால், அடி வாங்க விட்டால், அடுத்த தடவை கூப்பிடும்போது வர யோசிக்கட்டும். இதில் பாதி விஷயம் 1988இலும் 1997இலும் 2002இலும் ஏற்கெனவே செய்து காட்டப்பட்டதுதான்.

இதுவரை இந்தக் கேம்களைத் தொடாதவர்கள் ஒன்பதாம் பாகத்தில் தொடங்குங்கள். கணினியிலும் ஃபோனிலும் கிடைக்கிறது. கதையின் அவசரத்தில் சோக்கோவின் காட்டைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஏற்கெனவே ஆடியவர்கள், உங்களுக்குப் பிடித்த பறவை எந்தப் பாகத்தில், அதற்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று எழுதுங்கள். பதினொன்றில் முட்டையிலிருந்து வளர்த்தவர்கள் யாராவது இருந்தால் கட்டாயம் எழுதுங்கள், அந்த அனுபவத்தை விரிவாகக் கேட்க ஆசை.