யூரி ஐசென்ஷ்பிஸ் பாட்டுக்காகச் சிறை போனவரா?

ரஷ்ய பாப் தயாரிப்பாளர் யூரி ஐசென்ஷ்பிஸ் பற்றி ஒரு தகவல் சுற்றுகிறது: ராக் இசையை வளர்த்ததற்காகச் சோவியத் அரசு அவரைச் சிறையில் தள்ளியது, 'கினோ' என்ற புகழ்பெற்ற ராக் குழுவை உருவாக்கியவரும் அவரே என்று. இரண்டுமே தவறு.

1960களில் மாஸ்கோவில் 'சோகோல்' என்ற ராக் குழுவின் நிகழ்ச்சிகளை அவர் கவனித்துக்கொண்டது உண்மைதான். ஆனால் 1970 ஜனவரியில் அவர் கைதானது வெளிநாட்டுப் பணமும் தங்கமும் வாங்கி விற்றதற்காக. டாலர் மாற்றுவது அன்று சாதாரணக் குற்றமில்லை. 1961-இல் ரோகோடோவ் என்ற கள்ளப் பணமாற்று வியாபாரி முதலிய மூவரை அதற்காகவே சுட்டுக் கொன்றார்கள். 1977-இல் வெளிவந்த ஐசென்ஷ்பிஸ் சில மாதங்களிலேயே மறுபடி பிடிபட்டார். மொத்தம் சுமார் 17 ஆண்டுகள் சிறை. இளமை முழுவதும் அங்கேயே போனது. அந்தக் கொடுமையைச் சொல்ல இசைக் கதை எதற்கு?

சரி, 'கினோ'? பாடகர் விக்தர் த்சோய் அதை லெனின்கிராடில் தொடங்கியது 1980களின் ஆரம்பத்தில். அப்போது ஐசென்ஷ்பிஸ் கம்பிக்குப் பின்னால் இருந்தார். 1988-இல் விடுதலையான பிறகுதான் குழுவோடு சேர்ந்தார். த்சோய் 1990 ஆகஸ்டில் கார் விபத்தில் இறந்தார்.

அப்புறம், ரஷ்யப் பாடகர் தீமா பிலான் ஐரோப்பியப் பாட்டுப் போட்டியான யூரோவிஷனை வென்றதை அவர் பார்த்து மகிழ்ந்தார் என்றும் எழுதுகிறார்கள். பிலானை வளர்த்தெடுத்தவர் அவர்தான். ஆனால் அவர் 2005 செப்டம்பரில் காலமானார்; வெற்றி வந்தது 2008-இல், பெல்கிரேடில்.